கீரைப் பாத்தியில் பூனைத் தொல்லை... கைகொடுக்கும் பருத்திமார், கருக்குமட்டை!

புரட்டாசியில் நாலு தூறல் விழுந்துவிட்டால் போதும், விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் மிளகாய் நாற்றங்கால். இன்னொரு பக்கம் தண்டுக்கீரை, அரைக்கீரை, கொத்தமல்லி என்று இரண்டு மூன்று பாத்திகள். தொழுவுரத்தைக் கொட்டி, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, விதையைத் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கப் போவார்கள். விடிந்து பார்த்தால் பாத்தி நடுவில் ஒரு குழி இருக்கும். சுற்றிலும் வாரி இறைத்த மண், உள்ளே பூனை மலம். மறுநாள் இன்னொரு குழி. முளைக்க வேண்டிய விதை மேலே கிடந்து காயும். முளைத்த நாற்று வேரோடு பெயர்ந்து கிடக்கும். பூனையின் சிறுநீர் பட்ட இடத்தில் இளம் செடி கருகும்.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இந்தத் தொல்லை இன்னும் கொஞ்சம் கூடுதல். தீபாவளி நெருங்கும் மாதங்களில் வீட்டில் உள்ள பெரியவர்கள் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் என்று காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். விதைப்புக் காலமும் வேலை மும்முரமும் ஒரே நேரத்தில் வருகின்றன. பகல் முழுக்கப் பின்கட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. கம்பை வைத்துக்கொண்டு காவல் இருக்க யாராலும் முடியாது. அதனால், ஆள் இல்லாத நேரத்திலும் வேலை செய்கிற வழிதான் இந்த வட்டாரத்துக்குச் சரிப்படும். அந்த வழிக்குத் தேவையான பொருள்கள் எல்லாம் இங்கேயே காசில்லாமல் கிடக்கின்றன.

பூனைக்கு ஏன் உங்கள் பாத்தி மேல் கண்?

வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. மனிதர்கள் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியபோது அதைத் தின்ன எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில், மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய உறவு. காய்ந்த, உதிரியான மண்ணில் பள்ளம் பறித்து மலம் கழித்து மூடும் பழக்கத்தையும் பூனை கூடவே கொண்டு வந்துவிட்டது. யாரும் கற்றுத் தராமலே குட்டிப் பூனை மண்ணைப் பறிக்கிறது.

கரிசல் காட்டில் பூனையின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்து இறுகிக் கிடக்கும். மழையில் காலில் அப்பும் சேறாகிவிடும். இரண்டிலும் பூனையால் பள்ளம் பறிக்க முடியாது. தெருவெல்லாம் சிமென்ட் சாலை, முற்றமெல்லாம் சிமென்ட் தளம். இதற்கு நடுவே எருவும் மணலும் கலந்து, கட்டி உடைத்து, மிருதுவாக்கி வைத்திருப்பது உங்கள் பாத்தி மட்டும்தான். பூனை வேறு எங்கே போகும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் வீட்டுக்குள் பூனை வளர்த்தவர்கள் ஒரு காலத்தில் பெட்டியில் மணலையோ சாம்பலையோதான் போட்டு வைத்தார்கள். 1947-ல் எட் லோ என்பவர் ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகளை அதற்காக விற்க ஆரம்பித்து, அதுவே பெரிய தொழிலாகிவிட்டது. இன்று நகரத்துக் கடைகளில் கிலோ கணக்கில் விற்கும் ‘பூனை மண்’ பெரும்பாலும் பென்டோனைட் களிமண். அதில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம்தான் கரிசல் மண்ணிலும் நிறைந்திருக்கிறது. ஊரார் காசு கொடுத்து வாங்குவதை நம்மூர்ப் பூனை இலவசமாகவே அனுபவிக்கிறது.

விதை போனால் போகட்டும், ஆடும் ஆளும்?

கிளறிய பாத்தியை மறுபடியும் விதைத்துவிடலாம். மண்ணில் தங்கும் மலத்தைத்தான் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி 1908-ல் துனிசியாவிலும் பிரேசிலிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டறியப்பட்டது. அது எப்படிப் பரவுகிறது என்பது மட்டும் அறுபது ஆண்டுகள் புதிராகவே இருந்தது. பூனையின் மலத்தில் வெளியாகும் நுண்ணிய முட்டை போன்ற உறைகள்தான் காரணம் என்பதை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். அந்த ஆய்வில் முக்கியப் பங்கு வகித்தவர்களில் ஒருவர், இந்தியாவில் பிறந்த கால்நடை மருத்துவ விஞ்ஞானி ஜிதேந்தர் துபே.

பூனை எலியைத் தின்னும்போதோ பச்சை இறைச்சியைத் தின்னும்போதோ இந்த ஒட்டுண்ணி அதன் குடலுக்குள் போகிறது. முதல்முறை தொற்றிய பூனை, ஒன்று முதல் மூன்று வாரம் வரை லட்சக்கணக்கான உறைகளை மலத்தில் வெளியேற்றும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். எல்லாப் பூனையும் எப்போதும் நோயைப் பரப்பிக்கொண்டே திரிகிறது என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வெளியான உறைகள் ஈரமான, நிழலான மண்ணில் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். தினமும் தண்ணீர் விடும் கீரைப் பாத்தி அதற்குத் தோதான இடம்.

பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தத் தொற்று வந்து போனதே தெரியாது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் கணக்கு வேறு. கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் கரு கலையலாம், பிறக்கும் குழந்தைக்குக் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். கிராமத்தில் கீரை பறிப்பது, களை எடுப்பது எல்லாம் பெண்கள் கையில்தான் இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு ஆள் செய்வது நல்லது. அவரேதான் செய்ய வேண்டும் என்றால் கையுறை போட்டுக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூனையைத் தொட்டாலே வந்துவிடும் என்று சொல்லி, வளர்க்கும் பூனையைத் துரத்த வேண்டிய அவசியம் இல்லை. நன்றாக வேகாத கறியாலும் இதே தொற்று வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஆடு. கன்னி ஆடும் வேம்பூர்ச் செம்மறியும் இந்த வட்டாரத்தின் சொத்து. சினையாடு டாக்சோபிளாஸ்மா தொற்றிய தீவனத்தைத் தின்றால் குட்டி வீசும், அல்லது செத்த குட்டியைப் போடும். பூனைகள் கடலைக்கொடிப் படப்பிலும் வைக்கோல் படப்பிலும் ஏறிப் படுப்பதையும், அங்கேயே குட்டி போடுவதையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தவிட்டு மூட்டையைத் திறந்து வைத்தால் அதற்குள்ளேயே மலம் கழித்துவிடும். தீவனத்தை மூடி வைப்பது அவ்வளவு முக்கியம். ஆடு குட்டி வீசுவதற்குக் கன்று வீச்சு நோய் போன்ற வேறு காரணங்களும் உண்டு என்பதால், பார்த்த மாத்திரத்தில் பூனை மேல் பழி போட முடியாது. மந்தையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசினால் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்து, மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியையும் அழைக்கலாம். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், நாயும் பூனையும் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிட வேண்டும்.

இவை தவிரக் கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் இருக்கின்றன. நாய், பூனை மலத்தால் மண்ணுக்கு வரும் கொக்கிப்புழு லார்வா, வெறுங்காலோடு நிற்பவரின் தோலுக்குள் நுழைந்து, அரிப்போடு சிவப்புக் கோடாக நெளிந்து நகரும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு உருண்டைப்புழு முட்டையால் கண்பார்வை கூடப் பாதிக்கப்படலாம்.

பூனை மலமும் சாணம் மாதிரி ஓர் எருதானே என்று குப்பைக்குழியில் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். வீட்டுக் குப்பைக்குழி இந்த ஒட்டுண்ணிகள் சாகும் அளவுக்கு முழுவதும் ஒரே சீராகச் சூடாவதில்லை. மண்புழு உரப் படுக்கை சூடே ஆகாது.

மருந்து, மிளகாய்த்தூள், வெடி... மூன்றும் ஆபத்து

கோபத்தில் செய்யும் காரியங்கள்தான் நிறைய. எலிப்பசையைக் கருவாட்டில் தடவி வைப்பது அதில் மோசமானது. தெருவில் விளையாடும் குழந்தையும், மேய்ச்சலில் இருக்கும் கோழியும் அந்த வழியாகத்தான் போகின்றன. சட்டப்படியும் இது குற்றம். 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. விலங்கை விஷம் வைத்துக் கொல்வதற்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் இருக்கிறது.

மிளகாய்த்தூள் தூவினால் பூனையின் பாதமும் கண்ணும் எரியும். ஒரு மழையில் கரைந்துவிடும். அதைவிட, காற்றில் பறந்து தூவியவர் கண்ணிலேயே விழும். ஃபினாயிலும் அந்துருண்டையும் பூனைக்கு விஷம். காலில் பட்டதை அது நக்கித் துடைக்கும் என்பதால் நேராக வயிற்றுக்குள் போகிறது. நீங்கள் சாப்பிடப் போகும் கீரைக்குப் பக்கத்தில் அவற்றைப் போடுவதும் சரியில்லை. நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே பூனை படுத்துத் தூங்குவதையும் பார்க்கலாம். எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல் வாசனை சில பூனைகளுக்குப் பிடிக்காது. ஆனால் நம்மூர் வெயிலில் அது ஒருநாள்கூடத் தாங்காது. பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமி போய்விடும் என்றும் நம்ப வேண்டாம், டாக்சோபிளாஸ்மா உறைக்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்லை.

சிவகாசிப் பக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது, வெடி. கழிவாக வந்த சரவெடியைக் கொளுத்திப் போட்டுப் பூனையை விரட்டுவது, ‘கந்தகம் வாசனைக்குப் பூனை வராது’ என்று வேலை செய்யும் இடத்திலிருந்து மருந்துத் தூளைப் பொட்டலமாகக் கொண்டு வந்து பாத்தியில் தூவுவது என இரண்டும் நடக்கின்றன. பட்டாசு மருந்து தனிக் கந்தகம் கிடையாது. அலுமினியத் தூளும் உப்புகளும் கலந்தது. பேரியம் உப்பு கலந்திருந்தால் அது நேரடி விஷம். ஓலையும் தட்டையும் அடுக்கிய பின்கட்டில் மருந்துப் பொட்டலம் என்ன செய்யும் என்பதை 2012-ல் முதலிப்பட்டியையும் 2021-ல் அச்சன்குளத்தையும் பார்த்த மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பூனையின் காதுக்கு மனிதரைவிட மிக அதிகமாகக் கேட்கும். வெடிக்கு மிரண்டு ஓடும், சாயங்காலம் சத்தம் அடங்கியதும் அதே பாத்திக்கு வரும்.

மண்ணைக் காட்டாதீர்கள்

பூனை உட்காரவும் பறிக்கவும் அதற்கு ஒரு சாண் அளவாவது வெற்றுமண் வேண்டும். அந்த ஒரு சாண் கிடைக்காதபடி செய்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கரிசல் விவசாயி வீட்டில் பருத்திமாருக்குப் பஞ்சம் கிடையாது. காய்ந்த மாரை முக்கால் அடி நீளத்துக்கு ஒடித்து, பாத்தி முழுக்க 4 முதல் 6 அங்குல இடைவெளியில் செங்குத்தாகக் குத்தி வையுங்கள். பார்க்க முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். பூனையால் உள்ளே திரும்பக்கூட முடியாது. விதை முளைப்பதற்கோ தண்ணீர் தெளிப்பதற்கோ இடைஞ்சல் இல்லை. கீரை அரை அடி வளர்ந்து மண்ணை மூடிவிட்டால் மாரைப் பிடுங்கி அடுத்த பாத்திக்கு மாற்றிவிடலாம். துவரை மாரும் இதற்கு ஆகும். கம்பந்தட்டை, சோளத்தட்டை கொஞ்சம் மெலிவு, பூனை சாய்த்துவிடும்.

பாத்தியின் ஓரத்துக்குப் பனங்கருக்கு. மட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம்போல இருக்கும் கருக்கு, மேலே பார்க்கும்படி வரிசையாகப் படுக்க வைத்தால் பூனை அதன்மேல் கால் வைக்கத் தயங்கும். சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் இதற்குப் பழக்கமானவைதான். விதைப்பாத்திக்கு முள் அடைப்பது கோழிக்காகவும் ஆட்டுக்காகவும் காலங்காலமாகச் செய்கிற வேலை. ஆனால் கீரைப் பாத்திக்குள் முள்ளைப் பரப்புவது நல்லதல்ல. பறிக்கிற கைதான் முதலில் கிழியும். சீமைக்கருவேல முள் உடைந்து மண்ணில் தங்கினால் அடுத்த வருடமும் காலில் ஏறும். முள்ளை வெளி வேலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய் நாற்றங்காலுக்கு மாரைவிடப் பழைய சேலைதான் நல்லது. மூங்கில் பிளாச்சையோ கருவேலங்குச்சியையோ வில்லாக வளைத்து ஒன்றரை அடி உயரத்துக்குக் குத்தி, மேலே மெல்லிய பருத்திச் சேலையையோ நிழல்வலையையோ போர்த்தி, ஓரத்தை மண்ணாலும் கல்லாலும் அழுத்திவிட வேண்டும். காற்றில் ஓரம் தூக்கிக்கொண்டால் பூனைக்கு அதுவே வாசல். நாற்று மூன்று நான்கு இலை விட்டபிறகு பகலில் போர்வையை விலக்கி வெயில் காட்டலாம், ராத்திரி மூடிவிடலாம். நடவுக்குத் தயாராகும் 40, 45 நாளில் கடைசி பத்து நாள் போர்வையே தேவைப்படாது.

கையில் காசு இருப்பவர்களுக்குக் கோழி வலை. ஓர் அங்குலக் கண் உள்ள கம்பி வலையைப் பாத்தி மேல் தட்டையாக விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தால் போதும். செடி கண் வழியே வளர்ந்து வரும், பூனையின் நகம் கம்பியில்தான் படும். பல வருடம் வரும் என்பதால் இது செலவும் இல்லை. நைலான் மீன்வலையை மட்டும் தரையில் போடாதீர்கள். சாரைப்பாம்பு அதில் சிக்கிச் செத்துப்போகும். எலி பிடிப்பதில் சாரை, பூனைக்கு அண்ணன்.

வளர்ந்த கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகளின் தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கலாம். உடைந்த ஓட்டுச்சில்லு, கூழாங்கல் எதுவும் ஆகும். இதனால் ஈரமும் காயாது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள மாவட்டத்தில் இதுவே பெரிய லாபம். தீபாவளி வாரத்தில் மட்டும் காய்ந்த தட்டை, ஓலை மூடாக்கை நனைத்து வைக்க வேண்டும், படப்புக்கும் பாத்திக்கும் இடையே கொஞ்சம் வெற்றிடமும் விட வேண்டும். திசை மாறிய ராக்கெட் விழுந்து படப்பு எரிந்த கதை எல்லா ஊரிலும் இருக்கிறது.

தண்ணீர் விடும் நேரத்தையும் மாற்றிப் பார்க்கலாம். ஈர மண் காலில் ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது. அது அதிகம் நடமாடுவது அந்தி, விடியல் வேளைகளில். காலையில் விடும் தண்ணீரைச் சாயங்காலம் விட்டால் இரவு முழுக்க மேல்மண் ஈரமாக இருக்கும். ஆனால் மிளகாய், தக்காளி நாற்றங்காலில் இதைச் செய்யாதீர்கள். இரவெல்லாம் ஈரம் நின்றால் நாற்றழுகல் வந்துவிடும். அங்கே காலைத் தண்ணீரும் சேலைப் போர்வையும்தான் சரி. விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது எப்படியும் நல்லது.

இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன் அமிலம் ஊற்றிய பாத்தியையும், மீன் கழிவு புதைத்த குழியையும் பூனை தேடி வந்து தோண்டும். நாமே விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று கேட்பது போலத்தான் அது. மீன் அமிலத்தை நன்றாக நீர்த்து இலைவழியாகத் தெளியுங்கள். மண்ணில் ஊற்றினால் மேலே மண் அணையுங்கள். கழிவை முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல் புதையுங்கள்.

குப்பைமேனியும் அப்படித்தான். அதற்குப் ‘பூனைவணங்கி’ என்று நம் முன்னோர் பெயர் வைத்தது சும்மா இல்லை. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து, உரசி, புரண்டு விளையாடும். மழைக்காலத்தில் பாத்தி ஓரமெல்லாம் இது முளைக்கும். களை எடுத்துவிட்டு வேரோடு வரப்பிலேயே போட்டால் இரவில் பாத்தி முழுக்கப் பூனை உருளும். பிடுங்கிய கையோடு தள்ளிக் கொண்டுபோய்ப் போடுங்கள். எங்கே போடலாம் என்பதற்கும் ஓர் இடம் இருக்கிறது.

பூனைக்கும் ஒரு மூலை

பாத்தியை மூடியபிறகு பூனை வேறு இடம் தேடும். அது தீவனப் படப்பாகவோ பக்கத்து வீட்டு மல்லிப் பாத்தியாகவோ இருந்தால் தொல்லை தீர்ந்த மாதிரி ஆகாது. அதனால் பாத்தியை மூடுவதற்கு முன்பே பூனைக்கு ஒரு மூலையைத் தயார் செய்துவிட வேண்டும்.

பின்கட்டின் கடைசியில், கிணறு, ஆழ்துளைக் கிணறு, பாத்தி, ஆட்டுக்கொட்டகை எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, ஆள் அதிகம் போகாத இடமாகப் பாருங்கள். 2 அடிக்கு 2 அடி, அரை அடி ஆழத்தில் ஒரு தொட்டி. செங்கலை அடுக்கினாலும் போதும், பழைய தகரப் பெட்டியும் ஆகும். உள்ளே ஓடை மணலோ சலித்த செம்மண்ணோ போடுங்கள். கல்லும் கட்டியும் இருந்தால் பூனை திரும்பிக்கூடப் பார்க்காது. மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துக் கூரை போடுவதை மறக்கக் கூடாது. ஐப்பசி மழையில் மணல் நனைந்துவிட்டால் பூனை மறுபடி உங்கள் பாத்திக்குத்தான் வரும். பலருக்கு இந்த யோசனை பலிக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

பாத்தியில் கிடக்கும் பூனை மலத்தில் கொஞ்சத்தை எடுத்து முதல் நாள் இந்த மணலில் போட்டு லேசாக மூடினால், வாசனை பிடித்து வந்துவிடும். பிடுங்கிய குப்பைமேனிச் செடியையும் இங்கே போடலாம். அதே சமயம் பழைய பாத்தியில் வாசனை தங்கக் கூடாது. மலம் கிடந்த இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல மண்ணையும் சேர்த்து அள்ளி அப்புறப்படுத்துங்கள். பழக்கம் ஒரே ராத்திரியில் மாறாது, இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

மணல் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. டாக்சோபிளாஸ்மா உறைகள் மலத்தில் வெளியான உடனே தொற்றுவதில்லை. அவை பக்குவமாக ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அன்றன்றைக்கே ஒரு கரண்டியால் எடுத்து ஓர் அடிக்கு மேல் ஆழமாகப் புதைத்துவிட்டால் ஆபத்து பெருமளவு கழிந்துவிடும். கர்ப்பிணியும் குழந்தையும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. அழுக்கு மணலை மாற்றும்போது தொட்டியைக் கொதிக்கும் தண்ணீரால் கழுவி, சித்திரை வெயில் மாதிரி நல்ல வெயிலில் காய விடுங்கள். சூடும் உலர்வும்தான் இந்தக் கிருமிக்கு எமன்.

இவ்வளவு பாடுபட்டுப் பூனையை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். மக்காச்சோளம், குதிரைவாலி, கடலை என்று வீட்டில் மூட்டை அடுக்கும் குடும்பங்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். குலுக்கையில் தானியம் இருந்த காலம் போய், சாக்கு மூட்டையில் வைக்கும் காலம் வந்தபிறகு எலிக்கு இன்னும் வசதி. பூனை எல்லா எலியையும் ஒழித்துவிடாது. பெருச்சாளியிடம் நெருங்கவே தயங்கும். ஆனால் சுண்டெலியும் குஞ்செலியும் பெருகாமல் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி நேரம்

தொல்லை தரும் பூனையைச் சாக்கில் பிடித்துக் கண்மாய்க்கரையில் விட்டுவிட்டால் என்ன?

சில பூனைகள் வழி கண்டுபிடித்து வீட்டுக்கே திரும்பிவிடும். திரும்பாத பூனை பட்டினியில் சாகும். எப்படியானாலும் காலியான இடத்துக்கு வேறு பூனை வந்து சேரும், அதற்கும் உங்கள் பாத்திதான் தெரியும். பெருக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் கருத்தடைதான் வழி. பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், இரண்டு மாதத்தில் குட்டி போடும், ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈத்து ஈனும். கருத்தடை செய்த கடுவன் அலைவதும் அங்கங்கே சிறுநீர் பீய்ச்சுவதும் குறையும். கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். குடற்புழு நீக்க மருந்தையும் அங்கேயே கேட்டு வாங்கிக் கொடுங்கள், மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

பூனை கிளறிய பாத்தியில் வளர்ந்த கீரையைச் சாப்பிடலாமா?

மலம் பட்ட செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள். மீதியை வேரை வெட்டிவிட்டு, ஓடும் தண்ணீரில் ஒன்றுக்கு இரண்டு முறை அலசி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். வெந்தால் கிருமி செத்துவிடும். கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரி போலப் பச்சையாகச் சாப்பிடுகிறவற்றை அந்தப் பாத்தியில் இந்தப் பருவம் போடாதீர்கள். கத்தரி, மிளகாய், கொத்தவரை போடலாம். கோடையில் பாத்தியைக் கொத்தி நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளால் நாலு முதல் ஆறு வாரம் இறுக்கமாக மூடி வைத்தால் மண் நன்றாகச் சூடேறும். களை விதையும் நோய்ப் பூஞ்சாணமும் புழுவும் குறையும்.

பாத்தி கிடையாது, மாடியில் வளர்ப்புப் பையில்தான் செடி. அங்கேயும் பூனை வருகிறதே?

பையின் வாய் சின்னது என்பதால் வேலை சுலபம். செடியைச் சுற்றித் தேங்காய் மட்டைத் துண்டுகளை நார்ப்பக்கம் கீழே இருக்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள், அல்லது கூழாங்கல்லைப் பரப்புங்கள். செடி இல்லாமல் மண் நிரப்பி வைத்த பையைத்தான் பூனை முதலில் பிடிக்கும். அதை ஒரு பழைய தட்டாலோ சாக்காலோ மூடி, நடவு நாளில் திறந்தால் போதும்.